எந்த டிஸ்க் போடுவது? பேராக் சாலைகளில் ஒரு பழைய கேள்வி

பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் போர்மேன். உடனே அடுத்த கேள்வி எழுகிறது: எந்த டிஸ்க்? ஈப்போ, சுங்கை சிப்புட், தாப்பா எங்கும் பட்டறைகளில் இதற்குக் கிடைக்கும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரிஜினலைத் தவிர எதையும் தொடாதே என்பார் ஒருவர். எல்லாம் இரும்புதான், மலிவானது போதும் என்பார் இன்னொருவர். கேமரன் மலைக்குப் போகிற காடி என்றால் துளை போட்ட டிஸ்க்தான் சரி என்று ஒரு கட்சி உண்டு. புதிதே வேண்டாம், பழையதை ஸ்கிம் பண்ணினால் போதும் என்பது மற்றொரு கட்சி. இவை எதுவும் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தோற்றமும் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனமும் இருக்கிறது. டிஸ்க் கெடுவதற்கான காரணம் பொருத்தும் நாளிலேயே விதைக்கப்பட்டாலும், அதன் அறிகுறி பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகே தெரியவரும். காரணத்துக்கும் விளைவுக்கும் இத்தனை இடைவெளி இருக்கும்போது அனுபவம் எளிதில் தவறான பாடத்தைக் கற்றுத்தரும். பெட்டியின் மேலிருக்கும் பெயருக்கே பழியும் போகிறது, புகழும் போகிறது. இந்தக் கட்டுரை எடைபோட முயல்வது அந்தப் பழியும் புகழும் எந்த அளவுக்கு நியாயம் என்பதைத்தான்.

எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. இங்கே பேசப்படுவது லாரியோ பேருந்தோ பந்தயக் காரோ இல்லை. வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வரும் சாகா, மைவி, ஆக்சியா போன்ற கார்கள். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டப்புறங்களில் பேருந்து வசதி குறைவு. அங்கே குடும்பத்துக்கு ஒரு பழைய கார் என்பது வசதி என்ற நிலையைத் தாண்டி அவசியமாகிவிட்டது. அப்படிப்பட்ட காருக்கு டிஸ்க் வாங்கும் செலவு, மாதச் சம்பளத்தில் உறைக்கும் செலவு.

கேள்வி எங்கிருந்து வந்தது

டிஸ்க் பிரேக் நாம் நினைப்பதைவிடப் பழையது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் செம்பு லைனிங் உலோக வட்டில் உராய்ந்து போட்ட கீச்சொலியைத் தாங்க முடியவில்லை. அரை நூற்றாண்டு காலம் டிரம் பிரேக்கே ஆட்சி செய்தது. 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. 1955-இல் வந்த சித்ரோயன் டி.எஸ். அதைக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது. மலேசியாவில் 1985 ஜூலையில் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம் என்ற அமைப்பு உலகெங்கும் சாதாரணமாகியிருந்தது. இன்றைய சாகாவும் மைவியும் பெரும்பாலும் அதே அமைப்பில்தான் ஓடுகின்றன. பிரேக் மிதித்ததும் காரின் எடை முன்னே சாய்வதால், முக்கால் பங்கு வேலையை முன் டிஸ்க்குகளே செய்கின்றன. ஆகவே டிஸ்க் மாற்றுவது என்றால் பெரும்பாலும் முன்சக்கர ஜோடியை மாற்றுவது என்றே பொருள்.

பந்தயத்தின் வழியாகப் புகழ்பெற்ற ஒரு பொருள் பந்தயத்தின் கதைகளையும் கூடவே கொண்டுவந்தது. துளை, கோடு, பெரிய விட்டம் பற்றிய ஆசையெல்லாம் அங்கிருந்து வந்தவை. இன்னொரு பக்கம், 1980-களிலிருந்து வளர்ந்த உள்நாட்டுக் கார்த் தொழில் மலிவான உதிரிபாகச் சந்தையையும் தைவான், சீன இறக்குமதியையும் கூடவே வளர்த்தது. பட்டறையில் நடக்கும் வாக்குவாதம் இந்த இரண்டு வரலாறுகளும் மோதிக்கொள்ளும் இடம்.

ஒரிஜினல் கட்சி

காரைச் செய்த நிறுவனத்தின் பெட்டியில் வருவதை மட்டுமே போட வேண்டும் என்பவர்களின் வாதம் எளிதானது, வலுவானதும்கூட. பிரேக் என்பது டிஸ்க் மட்டுமில்லை. டிஸ்க்கும் பேடும் சேர்ந்த ஜோடி. இந்த டிஸ்க்கின் தடிமனுக்கும் எடைக்கும் வார்ப்பிரும்பின் தன்மைக்கும் ஏற்பத்தான் பேடின் கலவையையும் பெடலின் பிடிமானத்தையும் பொறியாளர்கள் அமைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். ஜப்பானிய வழியில் வந்த கார்களுக்கு அசலாக வரும் பேட் பொதுவாக மென்மையானது. டிஸ்க்கை அதிகம் தின்னாது, தூசியும் குறைவு. அதன் இடத்தில் உலோகம் நிறைந்த பேடைப் போட்டால் எந்த டிஸ்க்கும் சீக்கிரம் தேயும். அப்படித் தேய்ந்ததற்கு டிஸ்க்கைத் திட்டுவதில் நியாயமில்லை.

இந்த நிலையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. கார் நிறுவனங்கள் எல்லா டிஸ்க்கையும் தாங்களே வார்ப்பதில்லை. உதிரிபாகத் தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்குகின்றன. அந்தத் தயாரிப்பாளர்களே தங்கள் பெயரிலும் சந்தையில் விற்பதுண்டு. இரண்டும் ஒரே பொருள் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், விலையில் இருக்கும் தூரம் தரத்திலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை. அடுத்து, கான்சிலும் வீராவும் 2009-இலேயே உற்பத்தி நின்றுபோன கார்கள். தோட்டப்புறங்களில் அவை இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்கு ஒரிஜினல் என்ற சொல்லே நாளுக்கு நாள் பொருளிழந்து வருகிறது. மூன்றாவது பலவீனம் போலிகள். அதிகம் நம்பப்படும் பெட்டியைத்தான் அதிகம் போலி செய்வார்கள். ஆகவே ஒரிஜினல் கட்சியின் அறிவுரை, நம்பகமான விற்பனையாளரிடம் வாங்கு என்ற இரண்டாவது அறிவுரை இல்லாமல் நிற்காது.

இரும்பு எல்லாம் ஒன்றுதானா

மலிவுக் கட்சியின் வாதத்தைக் கேலி செய்து தள்ளிவிட முடியாது. டிஸ்க் உண்மையிலேயே எளிய பொருள்தான்: அசையும் பாகம் எதுவுமற்ற சாம்பல் வார்ப்பிரும்பு வட்டு. மலிவான டிஸ்க் போட்ட கார் அன்று மாலையே நன்றாக நிற்கிறது. உராய்வின் பெரும்பங்கைத் தீர்மானிப்பது பேட்தான் என்பதால் முதல் வாரத்தில் வித்தியாசம் தெரியாது. அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே.

பதில் வார்ப்பில் இருக்கிறது. சாம்பல் வார்ப்பிரும்பில் 3 சதவீதத்துக்கு மேல் கரி உண்டு. அது இரும்புக்குள் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பரவி நிற்கும். வெப்பத்தை வேகமாகக் கடத்துவதும் அதிர்வை விழுங்குவதும் இந்தச் செதில்களின் வேலை. சுற்றியுள்ள இரும்பு சீரான அமைப்பில் இருந்தால்தான் தேய்மானம் சீராக நடக்கும். கரி அளவு, சேர்க்கைப் பொருள், அச்சில் குளிரும் வேகம் எல்லாம் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. ஓரிடத்தில் வேகமாகக் குளிர்ந்த வார்ப்பில் கடினமான திட்டுகள் உருவாகும். அந்தத் திட்டுகள் குறைவாகவும் மற்ற இடங்கள் அதிகமாகவும் தேய்ந்து, கடைசியில் நடுக்கம் வரும். ஈப்போக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. 1985-இல் ஈய விலை சரியும்வரை கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்களுக்கு மணலும் கல்லும் உறிஞ்சும் பம்புகளை வார்த்துக் கொடுத்த ஊர் இது. பம்பின் உடலுக்கு வேண்டியது அரிக்க முடியாத கடினம்; பிரேக் டிஸ்க்குக்கு வேண்டியது சீரான மென்மையும் வெப்பக் கடத்தலும். இரண்டுக்கும் ஒரே இரும்பை ஊற்ற முடியாது என்பது வார்ப்பாலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

கண்ணால் பார்த்து வார்ப்பின் தரத்தைச் சொல்ல முடியாது என்பதால்தான் அளவுகோல்கள் வந்தன. ஐக்கிய நாடுகளின் ஆர்90 விதி முதலில் மாற்றுப் பேட்களுக்கானது. பிறகு மாற்று டிஸ்க்குகளுக்கும் விரிந்தது. உலோகக் கலவையும் கடினமும் வலிமையும் அசலோடு ஒப்பிடப்படும். சூடேற்றிச் சூடேற்றி விரிசல் விடுகிறதா என்று பார்க்கப்படும். பயணிகள் காரின் டிஸ்க்கில் தடிமன் வேறுபாடு 0.015 மி.மீ.-ஐயும், உராயும் முகத்தின் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ.-ஐயும் தாண்டக் கூடாது. தலைமுடியின் பருமனைவிடச் சிறிய கணக்கு இது. இந்த விதிகளின் தாய் ஒப்பந்தமான 1958 உடன்படிக்கையில் மலேசியா 2006-இல் சேர்ந்தது. ஆனால் உடன்படிக்கையில் சேர்வது வேறு, ஒவ்வொரு கடை அலமாரியிலும் அந்த விதி நடப்பது வேறு. வாங்குபவருக்கு நடைமுறையில் கிடைக்கும் அடையாளம், டிஸ்க்கின் ஓரத்திலோ பெட்டியிலோ வட்டத்துக்குள் இருக்கும் ஈ என்ற ஆங்கில எழுத்தும் அதன் பக்கத்தில் ஒப்புதல் எண்ணும்தான். கூடவே தயாரித்தவர் பெயரும் தொகுதி எண்ணும் குறைந்தபட்சத் தடிமனும் பொறித்திருக்க வேண்டும். இவை எதுவுமே இல்லாத மொட்டை டிஸ்க் நல்லதாகவும் இருக்கலாம். அதை அறிய வழியில்லை என்பதுதான் அதன் குறை. மலிவுக் கட்சி தோற்பது விலையில் இல்லை, இந்த இடத்தில்தான். அடையாளம் உள்ள நடுத்தர விலை டிஸ்க்கோடு ஒப்பிட்டால் அவர்களின் வாதம் பாதிக்குமேல் வென்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மலைப்பாதையும் துளை போட்ட டிஸ்க்கும்

பேராக்கில் இந்த வாதம் சூடுபிடிக்கக் காரணம் மலைகள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் பழைய பாதை, சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா போகும் புதிய பாதை, கிரிக்கிலிருந்து கிழக்கே ஜெலி செல்லும் நெடுஞ்சாலை, கோலா கங்சாருக்கும் ஈப்போவுக்கும் நடுவே மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய ஏற்ற இறக்கம் என்று பட்டியல் நீளும். சரிவின் அடியில் இருந்த ஜெலாப்பாங் சுங்கச்சாவடியை நோக்கி பிரேக் பிடிக்காத லாரிகள் வந்து மோதிய செய்திகள் ஒரு தலைமுறைக்கே நினைவிருக்கும். அந்தச் சாவடி 2009-இல் அகற்றப்பட்டது. இப்படிப்பட்ட நிலத்தில் வாழ்பவர் பிரேக் சூடாவதை அஞ்சுவது இயல்பு. துளையிட்ட, கோடு வெட்டிய டிஸ்க் சூட்டைத் தணிக்கும் என்ற விற்பனைப் பேச்சு அந்த அச்சத்தில்தான் ஊன்றி நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேரோடு 1,300 கிலோ எடையுள்ள சிறிய கார் 110 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் ஏறத்தாழ 0.6 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாகும். முன் டிஸ்க் ஒன்று 5 கிலோ இருந்தால் அதன் சூடு அந்த ஒரு நிறுத்தத்தில் 100 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஏறும். ஒன்றும் ஆகாது. அதே கார் கேமரன் மலையிலிருந்து 1,300 மீட்டர் கீழே இறங்குகிறது என்றால் விடுபடும் ஆற்றல் 16 மெகாஜூலுக்கு மேல். இருபத்தைந்துக்கும் அதிகமான நெடுஞ்சாலை நிறுத்தங்களுக்குச் சமம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இறக்கம் 50 கி.மீ. அளவு தூரத்தில் பரந்து கிடக்கிறது. டயர் உருள்வதும் காற்றை எதிர்ப்பதும் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். தாழ்ந்த கியரில் எஞ்சின் இன்னொரு பங்கை எடுத்துக்கொள்ளும். பிரேக்குக்குச் சோதனை வருவது சரிவு ஒரே இடத்தில் குவியும்போதுதான். 8 சதவீதச் சரிவில் 50 கி.மீ. வேகத்தைப் பிரேக்கால் மட்டுமே பிடித்து வைத்தால் ஏறக்குறைய 11 கிலோவாட் வெப்பம் ஓயாமல் உண்டாகும். மூன்று குளியலறைச் சுடுநீர்க் கருவிகளை ஒருசேரத் திறந்துவிட்டது போன்ற அளவு அது. பத்து நிமிடம் இப்படியே இறங்கினால் எந்த வடிவ டிஸ்க்கும் திணறும்.

இங்கேதான் துளையின் வேலையை நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய காலத்துப் பேட்கள் சூடேறியதும் வாயு கக்கின. அந்த வாயு வெளியேற வழி வேண்டுமென்று பந்தயக் கார்களில் துளை போட்டார்கள். இன்றைய பேட்களில் அந்தப் பிரச்சினை வெகுவாகக் குறைந்துவிட்டது. மழைநீர்ப் படலத்தைத் துடைப்பதிலும் முதல் கடியின் கூர்மையிலும் கொஞ்சம் பயன் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் துளை போட்டால் இரும்பு குறைகிறது. இரும்பு குறைந்தால் சூட்டை வாங்கிவைக்கும் கொள்ளளவும் குறைகிறது. மலையிறக்கத்தில் நமக்கு வேண்டியது அந்தக் கொள்ளளவுதான். துளையின் விளிம்பில் வெப்பத் தகைவு குவிவதால் விரிசலும் அங்கிருந்தே தொடங்குகிறது. துளையோடு வார்த்து, விளிம்பை மழுக்கி விற்கும் விலையுயர்ந்த கார்களின் டிஸ்க்கில் இந்த ஆபத்து குறைவு. சாதாரண டிஸ்க்கில் பின்னால் துரப்பணம் போட்டு விற்பதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கோடு மட்டும் வெட்டியவை அவ்வளவு ஆபத்தானவை அல்ல. பேடைச் சற்று வேகமாகத் தின்னும், சத்தம் போடும், அவ்வளவுதான்.

சூட்டைத் தணிக்கும் உண்மையான கண்டுபிடிப்பு இரண்டு வட்டுகளுக்கு நடுவே காற்று ஓடும் இடைவெளி விட்ட காற்றோட்ட டிஸ்க். அது இன்றைய பெரும்பாலான சிறிய கார்களின் முன்சக்கரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு அடுத்து காசு போடத் தகுந்த இடம் டிஸ்க்கே இல்லை, பிரேக் எண்ணெய். புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்குகிறது. டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. நம் ஈரக் காற்றில் எண்ணெய் தண்ணீரை இழுத்துக்கொள்ள அதிக காலம் ஆகாது. மலையிறக்கத்தில் பெடல் திடீரென்று பஞ்சாகிப் போவது பெரும்பாலும் இந்த எண்ணெய் கொதித்த கதைதான். அதில் டிஸ்க்கின் துளை செய்ய ஒன்றுமில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். தாழ்ந்த கியர் என்ற அறிவுரை கைக்கியர் காலத்து ஞானம். 2021 முதல் பெரோடுவா சிவிடி கியருக்கு மாறத் தொடங்கிவிட்டது, ஓட்டுபவர்களும் டி-யில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள், ஆகவே பிரேக்கைத்தான் பலப்படுத்த வேண்டும் என்பார்கள். மறுப்பின் முதல் பாதி சரி. பிரேக்கின் மேல் விழும் சுமை கூடியிருக்கலாம். ஆனால் அந்தக் கார்களிலும் எஞ்சின் தடையைக் கூட்டும் கியர் நிலை உண்டு. பலப்படுத்துவது என்றால் அதற்குப் பொருள் அதிக இரும்பு, அதிக காற்று, நல்ல பேட், புதிய எண்ணெய். துளை இதில் எதையும் தருவதில்லை.

ஸ்கிம் கட்சியும் போத்தோங் கடையும்

இருக்கிற டிஸ்க்கைக் கடைசலில் சீவி மீண்டும் போடுவது, புதிய டிஸ்க் அரிதாகவும் கூலி மலிவாகவும் இருந்த காலத்துப் பழக்கம். காரிலேயே வைத்துச் சீவும் இயந்திரம் இருந்தால் ஹப்பின் ஆட்டத்தையும் சேர்த்துச் சரிசெய்துவிடும் என்பது இதன் உண்மையான பலம். பல மலிவுப் புதிய டிஸ்க்குகளைவிட நல்ல அசல் டிஸ்க்கைச் சீவிப் போடுவது மேல் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பலவீனம் தடிமனில். 20 மி.மீ. டிஸ்க் 18 மி.மீ. ஆனால் பத்தில் ஒரு பங்குதானே போனது என்று தோன்றும். நடுவில் 8 மி.மீ. வெற்றிடம் இருக்கும் காற்றோட்ட டிஸ்க்கில் இரும்பு 12 மி.மீ. மட்டுமே, அதில் 2 போனால் ஆறில் ஒரு பங்கு வெப்பக் கொள்ளளவு போய்விட்டது. குறைந்தபட்சத் தடிமனுக்குமேல் போதிய மிச்சம் இருந்தால் ஒருமுறை சீவலாம். அளக்காமல் சீவுவது சூதாட்டம்.

பழைய கார்களை வெட்டி உதிரிபாகம் விற்கும் போத்தோங் கடைகளில் கிடைக்கும் ஹாஃப்-கட் டிஸ்க்குக்கும் இதே அளவுகோல்தான். அங்கே பெரும்பாலும் நடப்பது வேறு: சத்ரியா ஜிடிஐ, புத்ரா போன்ற வேகக் கார்களின் பெரிய டிஸ்க்கையும் காலிப்பரையும் பழைய வீராவுக்குக் கொண்டுவருவது. பொருத்தம் தெரிந்தவர் செய்தால் பலன் உண்டு. ஆனால் முன்னும் பின்னும் பிரேக் பங்கீடு மாறிவிடும், மாஸ்டர் சிலிண்டரின் கணக்கும் தப்பும். அன்றாடக் காரின் கேள்விக்கு இது விடை இல்லை, வேறொரு பொழுதுபோக்கின் விடை.

நடுக்கத்துக்கு யார் பொறுப்பு

இப்போது மையப் பிரச்சினைக்கு வரலாம். டிஸ்க் மாற்றப்படுவதற்கும் டிஸ்க் மீது புகார் வருவதற்கும் முதல் காரணம் நடுக்கம். சூட்டில் டிஸ்க் கோணிவிட்டது என்பது வழக்கமான விளக்கம். இதைக் கடுமையாக மறுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கரோல் ஸ்மித். கோணிய டிஸ்க் என்பதே பெரும்பாலும் கட்டுக்கதை, பேடின் பொருள் டிஸ்க்கில் சீரற்று ஒட்டிக்கொள்வதுதான் உண்மை என்றார் அவர். ஒட்டிய திட்டு மேலும் சூடேறி, அடியிலுள்ள இரும்பே கடினமான வேறொரு அமைப்பாக மாறும்; பிறகு சீவினாலும் அது திரும்பி வரும். பந்தயச் சூட்டைக் கண்டவருக்கு இந்த விளக்கம் கச்சிதமானது. ஈப்போவில் வேலைக்குப் போய்வரும் மைவி அந்தச் சூட்டை எட்டுமா என்பது சந்தேகம். இறக்கம் முடிந்ததும் சூடேறிய டிஸ்க்கை சிக்னலில் இறுக்கிப் பிடித்து நிற்கும்போது பேடின் அச்சு பதிவது வேண்டுமானால் நடக்கும்.

அன்றாடக் காருக்கு இன்னும் பொருந்துவது மூன்றாவது விளக்கம், பலராலும் கவனிக்கப்படாதது. புதிய டிஸ்க் பொருத்தும்போது ஹப்பின் முகத்தில் துருவோ அழுக்கோ 0.03 மி.மீ. மிச்சம் இருந்தால் டிஸ்க் ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். உட்காரும் முகத்தைவிட உராயும் விளிம்பு மையத்திலிருந்து ஏறக்குறைய இருமடங்கு தூரத்தில் இருப்பதால் அங்கே ஆட்டமும் இருமடங்காகும். ஆர்90 அனுமதிக்கும் 0.05-ஐ இது ஒன்றே தாண்டிவிடும். ஆனாலும் அன்றைக்கு நடுக்கம் வராது. காலிப்பர் அசைந்து கொடுத்துவிடும். பிரேக் பிடிக்காமல் ஓடும் நேரத்தில்தான் சாய்ந்த டிஸ்க்கின் ஒரு பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி உரசி உரசி அந்த இடம் மட்டும் மெலிந்துபோகும். மெலிவு 0.015 அல்லது 0.02 மி.மீ.-ஐ எட்டும்போது ஓட்டுபவரின் கையில் நடுக்கம் தெரியும். அதற்குள் சில மாதங்கள் போயிருக்கும். அன்று டிஸ்க் போட்ட கை யாருடையது, ஹப்பைத் தேய்த்தாரா, சக்கர நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் கண்மண் தெரியாமல் முடுக்கினாரா, அல்லது 100 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் சாவியால் குறுக்குக் குறுக்காக இறுக்கினாரா என்பதெல்லாம் யாருக்கும் நினைவிருக்காது. நினைவிருப்பது பெட்டியின் பெயர் மட்டுமே.

இந்தக் கால இடைவெளிதான் எல்லாக் கட்சிகளின் அனுபவத்தையும் கேள்விக்குள்ளாக்குகிறது. ஒரிஜினல் டிஸ்க்கை அதிகாரபூர்வ சேவை மையத்தில் போடுவோர் அதிகம். அங்கே நடைமுறை ஓரளவு கட்டாயம். மலிவு டிஸ்க்கை அவசரமாகப் போடும் இடங்களில் அது கட்டாயமில்லை. ஆகவே ஒரிஜினல் நன்றாக உழைத்தது என்று நாம் காண்பதில் எவ்வளவு டிஸ்க்கின் தரம், எவ்வளவு பொருத்தியவரின் தரம் என்று பிரிக்க வழியில்லை. நல்ல பட்டறையில் மலிவு டிஸ்க் நீடித்து உழைப்பதும், கவனமற்ற பட்டறையில் விலையுயர்ந்த டிஸ்க் ஆறு மாதத்தில் நடுங்குவதும் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன. பிராண்டே எல்லாம் என்ற விளக்கத்தோடு ஒத்துப்போவதில்லை. சில போர்மேன்கள் இதற்கு எதிராகச் சொல்வார்கள்: ஒரே கை, ஒரே முறை, ஆனாலும் குறிப்பிட்ட சரக்கு மட்டும் திரும்பி வருகிறது என்று. அந்தச் சாட்சியை மதிக்க வேண்டும். தடிமனே சீராக இல்லாத வார்ப்பு சந்தையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் பொருத்தும் நாளிலேயே உண்மையைச் சொல்லிவிடும். அளந்து ஒதுக்கிய டிஸ்க்கைப் பற்றிய புகாருக்கு இருக்கும் எடை, ஓடிக் கெட்ட டிஸ்க்கைப் பற்றிய புகாருக்கு இல்லை.

தோட்டப்பாதையின் துரு

வெப்பத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு நடக்கும்போது மலையடிவாரத்தில் இன்னொரு எதிரி சத்தமில்லாமல் வேலை செய்கிறது. தீபகற்ப மலேசியாவில் மழைக்குப் பெயர்போன ஊர் தைப்பிங். கிந்தா பள்ளத்தாக்கும் காய்ந்த இடமில்லை. தோட்டப்புறச் செம்மண் பாதையில் ஓடும் கார் அதிக வேகம் போவதில்லை, பிரேக் அதிகம் சூடாவதும் இல்லை. சூடாகாத டிஸ்க் ஈரத்தோடு நிற்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் எடுக்கப்படும் முதியவர்களின் காரில் பேட் பட்டிருந்த இடம் ஒரு மாதிரியும் மற்ற இடம் வேறு மாதிரியும் துருப்பிடிக்கும்; அதுவும் தடிமன் வேறுபாட்டில்தான் போய் முடிகிறது. காற்றோட்ட இடைவெளியில் சேறு அடைந்தால் அந்தச் சிறப்பம்சமே வீணாகும். செம்மண்ணோடு வரும் மணல் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அரைத்து வளையம் வளையமாகக் கீறிவிடும்.

இந்தப் பயன்பாட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே அம்சம், என் கணிப்பில், துத்தநாகச் செதில் பூச்சு. உராயும் முகத்தில் முதல் சில பிரேக்கிலேயே அது போய்விடும். ஆனால் நடுக்கிண்ணத்திலும் ஓரத்திலும் காற்று இடைவெளியிலும் தங்கி, ஹப்போடு டிஸ்க் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். துளை போட்ட டிஸ்க்கைப் போல இது பார்ப்பவர் கண்ணைக் கவராது என்பதால் கடையில் இதைக் கேட்டு வாங்குபவர் குறைவு.

பின்சக்கர டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடும் மோகத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். முன்சக்கரமே முக்கால் வேலையைச் செய்யும் சிறிய காரில் பின் டிஸ்க் பார்வைக்கு அழகு. சேற்றிலும் ஈரத்திலும் மூடிய டிரம்மே நீடிக்கும். வோக்ஸ்வேகன் 2020-இல் தன் மின்கார் ஐடி.3-க்குப் பின்சக்கரத்தில் டிரம்மையே தேர்ந்தெடுத்தது. பிரேக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் துருவே பெரிய எதிரி என்ற கணக்குக்கு அது பொருந்துகிறது. தஞ்சோங் மாலிம் ஆலையைப் பேராக்கில் வைத்திருக்கும் புரோட்டோன் 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 வழியாக மின்காருக்குள் நுழைந்துவிட்டது. மோட்டாரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இத்தகைய கார்கள் பெருகப் பெருக, தேய்ந்து மாற்றும் டிஸ்க்கைவிடத் துருப்பிடித்து மாற்றும் டிஸ்க்கின் பங்கு கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

இன்னும் முடியாதவை

இதுவரை பார்த்ததை வைத்துச் சொல்லக்கூடிய தீர்ப்பு அடக்கமானது. பேராக்கின் அன்றாடக் காருக்கு அசல் அளவில், காற்றோட்டமுள்ள, துளையற்ற, தயாரித்தவர் பெயரும் ஒப்புதல் எண்ணும் பொறித்த டிஸ்க் போதும். அது கார் நிறுவனத்தின் பெட்டியில் வந்ததா, உதிரிபாகத் தயாரிப்பாளரின் பெட்டியில் வந்ததா என்பது இரண்டாம் கேள்வி. எப்படிப் பொருத்தப்பட்டது என்பது முதல் கேள்வி. தினமும் மலையேறுபவர் பேடிலும் எண்ணெயிலும் பணம் போடட்டும். தோட்டப்பாதையில் ஓட்டுபவர் பூச்சில் போடட்டும்.

இந்தத் தீர்ப்பை உறுதியாக்கத் தேவையான புள்ளிவிவரம் திரட்டப்படும் வாய்ப்பு இப்போதைய ஏற்பாட்டில் குறைவு. மலேசியாவில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பெயர் மாற்றும்போதுதான் பொதுவாகச் சோதனைக்குப் போகின்றன. அங்கே உருளையில் ஏற்றி பிரேக் விசையை அளக்கிறார்கள். குறைந்த வேகத்தில் நடக்கும் அந்தச் சோதனையில் இடது வலது வேறுபாடு தெரியும்; டிஸ்க்கின் தடிமனும் நடுக்கமும் தெரியாது. வெப்பமா துருவா பொருத்தும் முறையா, எது எத்தனை டிஸ்க்கைக் கொல்கிறது என்ற கணக்கை யாராவது எடுத்தால்தான் இந்த வாதம் தீரும். இன்னொரு பக்கம் ஐரோப்பாவின் யூரோ 7 விதி பிரேக் தூசிக்கே வரம்பு வைத்துவிட்டது: புதிய ரகப் பெட்ரோல் கார்களுக்கு 2026 நவம்பர் முதல் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். அதை எட்டக் கடினப் பூச்சுடைய டிஸ்க்குகள் பரவும்போது, சீவ முடியாத, விலை கூடிய டிஸ்க் நம் சந்தைக்கும் வருமா, வந்தால் பழைய கார் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்பதும் திறந்தே கிடக்கிறது.

அதுவரை வாசகர் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. அடுத்த முறை டிஸ்க் மாற்றச் சொன்னால், பழைய டிஸ்க்கின் தடிமனையும், புதியதைப் பொருத்திய பின் டயல் கேஜ் காட்டிய ஆட்டத்தையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்காத பட்டறை கிடைத்தால், எந்த டிஸ்க் போடுவது என்று அங்கேயே கேளுங்கள்.